லைசென்ஸை நிறுத்தி வைப்பது புதுச் சட்டமா?



"சார், தப்பு பண்ணா ஃபைன் கட்டுறோம். லைசென்ஸையே மூணு மாசம் நிறுத்துறாங்களே, இது எப்போ வந்த சட்டம்?" என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் மாணவர் ஒருவர் கேட்டார். மாங்காட்டில் ஆட்டோ, ஸ்கூல் வேன், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. அதனால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சட்டம் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்து 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்த அதிகாரம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1988 சட்டத்தின் 19-வது பிரிவும் அதையே சொல்கிறது. எந்தெந்தச் செயலுக்கு என்பதை 1989 மத்திய விதிகளில் 21-வது விதி பட்டியல் போட்டிருக்கிறது: அதிவேகம், அதிக பாரம், பயணியை அடிப்பது, விபத்து நடந்தும் நிறுத்தாமல் போவது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. செல்போன் பிற்பாடு சேர்ந்தது. (காது குத்துக்குக் குட்டி யானையில் குடும்பத்தோடு கோயிலுக்கு வருகிறவர்கள் அந்தக் கடைசிச் செயலைக் கவனிக்கவும்!) ஆனால் பட்டியல் பெரும்பாலும் புத்தகத்திலேயே தூங்கியது. ரோட்டில் நடந்ததெல்லாம் நூறு ரூபாய் அபராதம்தான்.

அதைத் தட்டி எழுப்பியவர் போலீஸ்காரரோ வக்கீலோ அல்ல, கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ஒருவர். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். சாலை விபத்துகளைத் தடுக்க இருக்கிற சட்டங்களையாவது ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். உடைந்த எலும்பைச் சேர்ப்பது அவர் தொழில். உடையாமல் இருக்க வழி தேடி டெல்லி வரை போனார். எனக்கு அவர் மீது பெரிய மரியாதை.

2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் மூன்று பேர் குழுவை நீதிமன்றம் அமைத்தது. 2015 ஆகஸ்டில் அந்தக் குழு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆட்கள், குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது செல்போன் ஆகிய ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்துங்கள் என்றது. இன்று நீங்கள் கேள்விப்படும் 'மூன்று மாதம்' அங்கிருந்து வந்ததுதான்.

அதே 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரனின் ஹெல்மெட் உத்தரவு வந்தது. ஜூலை 1 முதல் ஹெல்மெட் இல்லையென்றால் ஆவணங்கள் பறிமுதல் என்றார். பூந்தமல்லி ரோட்டோரம் ஹெல்மெட் குவிந்து கிடந்தது ஞாபகம் இருக்கும். 2017 செப்டம்பரில் ஒரிஜினல் லைசென்ஸ் கையில் வேண்டும் என்றது அரசு. லாரி உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இப்போது டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்.

2019 திருத்தம் ஹெல்மெட்டுக்கும் மூன்று மாதத்தைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. நம் மாநிலத்தில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில்தான் வந்தன. ஹெல்மெட்டுக்கு நூறு ஆயிரமானது. குடித்துவிட்டு ஓட்டினால் பத்தாயிரம்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காரில் போகிற பணக்காரர் மூன்று மாதத்துக்கு டிரைவர் வைத்துக்கொள்வார். ஷேர் ஆட்டோக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரே தண்டனை, இரண்டு எடை. அதற்காக விதியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சிக்னலில் அடிபடுகிறவரும் பெரும்பாலும் ஏழைதான். ஆனால் 19-வது பிரிவு உங்களுக்கு ஒன்றைத் தருகிறது, அதை விட்டுவிடாதீர்கள். போலீஸார் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், அதற்கு ரசீது தர வேண்டும். நிறுத்தி வைக்கும் உத்தரவு ஆர்.டி.ஓ.வுடையது. அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். உத்தரவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். நோட்டீஸ் வந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைக்காமல், நடந்ததை எழுத்தில் கொடுங்கள்.

நிறுத்திய காலத்தில் 'பக்கத்துத் தெரு வரைக்கும்தானே' என்று வண்டியை எடுக்காதீர்கள். பிடிபட்டால் பத்தாயிரம் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கும்.