அழற்சி: பகையா, காவலா?

சிவத்தல், வீங்கல், சூடேறல், வலித்தல் ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாகத் தொகுத்துரைத்தவர் கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானியரான செல்சஸ். ஆயினும் அடையாளம் கூறுதல் வேறு, வகை பிரித்தல் வேறு. பின்னதில் இப்னு ஸீனாவின் (980–1037) 'அல்கானூன்' பல நூற்றாண்டுகள் கோலோச்சியது.

வீக்கம் அனைத்தையும் 'வரம்' என்னும் ஒரே சொல்லால் குறித்த அவர், குருதி மிகுவதால் தசையாழத்தில் துடிப்புடன் எழுவது 'ஃபல்கமூனி' என்றும், பித்தத்தால் தோலின் மேற்பரப்பில் எரிச்சலுடன் படர்வது 'ஹும்ரா' என்றும் பிரித்தார். கபத்தால் மென்வீக்கமும், கரும்பித்தத்தால் கடினவீக்கமும் உண்டாகும் என்றார். புற்றுநோயும் இவ்வரிசையிலேயே இடம்பெற்றது. நாற்பண்பு நீர்க் கோட்பாடு இன்று வீழ்ந்துவிட்டது. ஆனால் கண் கண்டது வீழவில்லை. ஆழ்ந்த இணைப்புத்திசுவில் பரவும் சீழழற்சியையும், தோலில் படரும் அக்கி போன்ற செவ்வழற்சியையும் இன்றைய மருத்துவமும் பிரித்தே பேசுகிறது. அழற்சியையும் புற்றையும் வேறாக்க, வெறுங்கண் போதாது, நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது.

வந்தபோது ஆசானும் மாணவரும் மாறுபட்டனர். சீழின் அணுக்கள் அவ்விடத்துத் திசுவிலிருந்தே பிறக்கின்றன என்பது பெர்லினில் விர்ஷோவின் கொள்கை. அவருடைய உதவியாளர் கோன்ஹைம், தவளையின் குடல்தாங்கிச் சவ்வை நுண்ணோக்கியில் விரித்துப் பார்த்தார். வெள்ளணுக்கள் சிறு சிரைகளின் உட்சுவரில் ஒட்டின. சுவரூடே மெல்ல நுழைந்து வெளியேறின. சீழின் அணுக்கள் குருதியிலிருந்து வந்தவை! வாலர் என்பார் 1846-லேயே இதனைக் கண்டிருந்தாலும், உலகை ஏற்கச் செய்தவர் கோன்ஹைமே. 1867-இல் இக்கட்டுரை வெளிவந்தது விர்ஷோவின் சொந்த ஆய்விதழில் என்பது அந்த ஆசானின் பெருந்தன்மைக்குச் சான்று.

அதன்பின் திசுவே சாட்சி கூறலாயிற்று. தீக்கொப்புளத்தில் தெளிநீர், இதயவுறை அழற்சியில் நார்ப்படலம், சீழ்க்கட்டியில் வெள்ளணுக்களின் குவியல், காசநோயிலோ பாலாடைக்கட்டி போன்ற அழுகலைச் சூழ்ந்து பேரணுக்கள் அமைக்கும் முடிச்சு.

இவையெல்லாம் கேடா, காப்பா? அழற்சி நோயன்று, நலம் நாடும் செயலே என்ற ஜான் ஹன்டரின் நூல் 1794-இல், அவர் மறைந்தபின் வெளிவந்தது. அதற்குச் சான்று தந்தவர் மெச்னிகோவ். 1882-இல் மெஸினா நகரில், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திரமீனின் இளவுயிரில் ரோஜாமுள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அலையும் அணுக்கள் மொய்த்திருந்தன. அவ்வுயிருக்குக் குருதிக்குழாய்களே இல்லை. ஆகவே செல்சஸ் சொன்ன சிவப்பும் இல்லை, சூடும் இல்லை.