சந்தனத் தைலமும் காட்டு மரமும்

காட்டு மல்லிகையைப் பறித்தால் கொடி மறுபடியும் பூக்கும். சந்தனத்தின் கதை வேறு. அதன் தைலம் பூவிலும் இலையிலும் இல்லை. நடுமரத்து வயிரத்திலும் வேரிலும் உள்ளது. வேரிலேதான் மிகுதி. ஆகவே, மரத்தை வேரோடு அகழ்ந்தெடுப்பதே வழக்கமாயிற்று. வயிரம் நன்கு முற்ற 30 ஆண்டுகளேனும் வேண்டும். இதனை அறுவடை என்று கூற எனக்கு நா எழவில்லை.

1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமென அறிவித்தார். குடியானவன் நிலத்தில் தானே முளைத்தாலும் அது அவனுடையதன்று. பின்வந்த மைசூர் ஆட்சியிலும் அவ்வுரிமை நீடித்தது. முன்பு கட்டைகள் ஏலம் போய் ஐரோப்பாவில் வடிக்கப்பட்டன. 1914-இல் மூண்ட உலகப்போர் அவ்வாணிகத்தைத் தடுக்கவே, 1916-இல் மைசூர் அரசு தானே தைலம் வடிக்கத் தொடங்கிற்று.

வருவாய் காக்கப்பட்டது, மரம் காக்கப்பட்டதா? சந்தனம் தனித்துச் செழிக்காது. அண்டைச் செடியின் வேரைப் பற்றி நீரும் உப்புக்களும் உறிஞ்சும். பறவைகள் விதைக்க, வேலியோரங்களில் முளைக்கும். குடியானவனுக்கோ அம்முளை தொல்லையே. பயன் தனக்கில்லை; மரம் களவு போனால் விசாரணை மட்டும் தன் வாசலுக்கு வரும். அதைக் கிள்ளி எறிந்தவனை நான் குறை கூறமாட்டேன்.

1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மரத்தை அழிவை நோக்கும் இனங்களுள் சேர்த்தது. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவனையே மரத்துக்கும் உரியவனாக்கின. வெட்டவும் விற்கவும் மட்டும் அவன் வனத்துறையை நாட வேண்டுமென்று வைத்தன.