ஒத்தக்கடைக்கு ரயில்

ஒத்தக்கடைக்கு ரயில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மதுரைக்கு 1875-லேயே ரயில் வந்தாயிற்று. ஆனால் யானைமலை அடிவாரத்தில், மேலூர்ச் சாலையில் இருக்கும் இந்த ஊரை அது ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. மேலூருக்கே ரயில் கிடையாது என்னும்போது ஒத்தக்கடை யாரிடம் போய் முறையிடுவது?

2023-இல் தயாரான மெட்ரோ திட்டம் அந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொன்னது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர்; செலவு பதினோராயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2017-இல் வகுத்த மெட்ரோ கொள்கைப்படி ஊரில் இருபது லட்சம் பேராவது இருக்கவேண்டுமாம்; 2011 கணக்கில் மதுரைக்குப் பதினைந்து லட்சந்தான். பதினாலு வருஷத்துக்கு முன் எண்ணிய தலைகளை வைத்துக்கொண்டு வரப்போகும் ரயிலுக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு உவப்பாயில்லை. அது கிடக்கட்டும்.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. எங்கள் பக்கத்து நண்பர்கள் ரயில் வேண்டும் என்பதற்குச் சொன்ன முதல் காரணம், "விமான நிலையத்துக்குப் போக வசதியாயிருக்கும்" என்பது! விமான நிலையம் இருப்பதோ தெற்கே, அருப்புக்கோட்டைச் சாலையில். மேற்கே திருப்பரங்குன்றம் வழியாகத் திருமங்கலம் போகும் தண்டவாளம். கிழக்கே சிலைமான் வழியாக மானாமதுரை போகும் தண்டவாளம். நடுவில் இரண்டுக்கும் படாமல் உட்கார்ந்திருக்கிறது விமான நிலையம். திட்டத்திலிருந்த மெட்ரோப் பாதையும் அதைத் தொடவில்லை. அங்கேயும் ஒரு கிளை போடவேண்டும் என்பதே நண்பர்களின் கோரிக்கை.

போட்டால் அந்த ரயில் காரையும் பஸ்ஸையும் ஜெயிக்குமா?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்குள் தேசம் முழுவதும் ரயில்வேக்காரர்கள் பஸ்ஸைக் கண்டு கலங்க ஆரம்பித்தார்கள். மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகளை சர்க்கார் 1932-இல் விசாரிக்க அனுப்பியது. ரயிலுக்குப் பிரயாணி ஸ்டேஷனைத் தேடிப் போகவேண்டும். பஸ்ஸோ கை காட்டிய இடத்தில் நின்றது. 1939-இல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் பஸ்ஸுக்குப் பெர்மிட் கடிவாளம் மாட்டியது. ஓட்டப் பந்தயத்தில் தோற்கிறவன் நடுவரைக் கூப்பிட்ட கதைதான்.

விமான நிலையத்துக்கு ரயில் விடுவதிலும் அந்த 'ஸ்டேஷனைத் தேடிப் போகும்' சங்கடமே வந்து நிற்கிறது. சென்னையில் 1931 முதல் மீனம்பாக்கம் வழியாக மின்சார ரயில் ஓடுகிறது. பிற்பாடு விமான நிலையத்துக்கு நேர் எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷனும் அமைந்தது. டிக்கெட் அற்பக் காசு. ஆனால் பெட்டி படுக்கையுடன் படியிறங்கி, பெருஞ்சாலையைக் கடந்து, மறுபடி படியேற வேண்டும். கையில் பெட்டி இருந்தவர்கள் டாக்ஸியையே கூப்பிட்டார்கள். 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. அதில் ஒரு காலை நான் போனபோது, கடைசி ஸ்டேஷனில் என்னோடு இறங்கியவர்களில் பலர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவர்கள் பறக்க வந்தவர்களல்ல. அங்கே வேலைக்கு வந்தவர்கள்.

டெல்லிக் கதை இன்னும் சுவாரசியமானது. 2011 பிப்ரவரியில் விமானப் பிரயாணிகளுக்கென்றே தனி ரயில் அங்கே ஓட ஆரம்பித்தது. நடத்தியது தனியார் கம்பெனி. கட்டணம் அதிகம், கூட்டம் குறைவு. 2012 ஜூலையில் பாலத்தின் தாங்கு பகுதிகளில் கோளாறு கண்டு ஓட்டத்தை நிறுத்தி, மறு வருஷம் ஜனவரியில்தான் மறுபடி விட்டார்கள். அந்த வருஷ நடுவிலேயே கம்பெனி கைகழுவிவிட, டெல்லி மெட்ரோ நிறுவனம் ஏற்று நடத்தியது. அப்புறம் கட்டணத்தைக் குறைத்தார்கள், கூட்டம் வந்தது. பணக்காரர்களுக்காகப் போட்ட ரயிலை, காசை எண்ணிச் செலவழிப்பவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே போன மாதம் என் தங்கை மகனை வழியனுப்ப ஒத்தக்கடையிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டேன். பக்கத்து உத்தங்குடியில் சுற்றுச்சாலையைப் பிடித்தோம். விரகனூர், மண்டேலா நகர், அப்புறம் விமான நிலையம். நகரத்துக்குள் நுழையவே இல்லை. நண்பர்கள் கேட்கும் ரயிலோ கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல்லையும் ஜங்ஷனையும் பார்த்துவிட்டுத்தான் தெற்கே திரும்பியாக வேண்டும்.

டிரைவரிடம் மெட்ரோப் பேச்சை எடுத்தேன்.

"வந்தாலும் எங்க பொழப்புக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா" என்றார். "ஏறுறது ஒருத்தரு, அனுப்ப வர்றது அஞ்சு பேரு. ரயில்ல ஆறு டிக்கெட்டு எடுக்கணும். திரும்பி வரவும் அஞ்சு எடுக்கணும். நம்ம வண்டிக்குப் போக வர ஒரே வாடகைதானே?"

டெல்லியையும் சென்னையையும் வைத்துக்கொண்டு நான் தடுமாறிய கணக்கை அவர் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிட்டார். விமான நிலைய வாசலில் எண்ணிப் பார்த்தேன். என் தங்கை, மாப்பிள்ளை, அவர் அம்மா, சின்னவள், நான்: சரியாக ஐந்து பேர். பையன் ஒருவன்தான் உள்ளே போனான்.

திரும்பி வந்து ஒத்தக்கடையில் இறங்கும்போது சாயங்காலம். வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளைகளும், ஹைகோர்ட்டிலிருந்து வந்த குமாஸ்தாக்கள் சிலரும், காலிப் பூக்கூடையோடு இரண்டு அம்மாள்களும் பஸ்ஸுக்கு நின்றார்கள். இவர்களில் யாரும் ரயிலைப் பற்றி என்னிடம் வாதாடியதில்லை. மாட்டுத்தாவணி போகும் பஸ் வந்தது. படிக்கட்டில்கூட இடமில்லை. கூடைக்காரிகளில் ஒருத்தி ஏறிவிட்டாள். மற்றவள் அடுத்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.