இந்தூர் மட்குமுறை

வயல் கழிவு, மாட்டுச் சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை ஆழமற்ற குழியில் அடுக்கி, ஈரம் காத்து, காற்றுப் புகும்படி புரட்டிவிட்டு, சுமார் மூன்று மாதத்தில் எருவாக்கும் முறை இந்தூர் மட்குமுறை. மத்திய இந்தியாவின் இந்தூர் நகரில் 1924க்கும் 1931க்கும் இடையில் இது உருவானது. காய்ந்ததும் பச்சையும் மாறிமாறி அடுக்கி, நடுவில் சாணக் கரைசல் தெளிக்கும் இன்றைய வீட்டுத்தோட்டப் பழக்கத்துக்கு இந்தூரே முக்கியமான தாய்வீடு.

இம்முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவார்டு (1873–1947) ஆங்கிலேயத் தாவரவியலாளர். 1905இல் பீகாரின் பூசா வேளாண் ஆய்வு நிலையத்துக்கு வந்தார். அக்கம்பக்கத்து உழவர்கள் பூச்சிமருந்தோ செயற்கை உரமோ இல்லாமல் நோயற்ற பயிர் எடுத்ததைக் கண்டு, அவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். பிற்காலத்தில் அதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார். சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளின் உழவைப் பற்றி அமெரிக்க மண்ணியலாளர் எஃப்.எச். கிங் எழுதி 1911இல் வெளிவந்த நூல் அவருக்கு இன்னொரு வழிகாட்டி. நகரத்துக் கழிவைக்கூட வீணாக்காமல் நிலத்துக்குத் திருப்பித் தரும் சீனத்துக் குடியானவரின் நுட்பத்தை இந்திய மாட்டுக் கொட்டகையோடு இணைத்துப் பார்த்ததில்தான் இந்தூர் முறை பிறந்தது. அது ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பு என்று சொல்வது ஆசியக் குடியானவர்களுக்குச் செய்யும் அநீதி.

மறக்கப்பட்ட இருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹோவார்டின் மனைவி காப்ரியேல், கேம்பிரிட்ஜில் பயின்ற தாவர உடலியலாளர். பூசாவிலும் இந்தூரிலும் ஆய்வுகளில் சமபங்கு உழைத்த அவர், இந்தூர் முறை நூலாக வெளிவருவதற்கு முன்பே 1930இல் காலமானார். இரண்டாமவர் யஷ்வந்த் வாட். மட்கும் குவியலின் வேதியியலை ஆராய்ந்த இவர், 1931இல் வெளியான அந்த நூலின் இணையாசிரியர்.

செய்முறையின் நுட்பமெல்லாம் சேர்மானத்தில் இருக்கிறது. இந்தூர் பருத்தி விளையும் கரிசல் பூமி. அங்கே மலிந்து கிடந்த பருத்திமார் லேசில் மட்காது. அதைப் பாதையில் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கும்படி விட்டார்கள். நசுங்கிய மாரும் தழையும் களையும் கலந்து மாட்டுக்குப் படுக்கையாகும். கட்டுத்தரையின் மண்ணில் கோமியம் ஊறும். பிறகு படுக்கை, கோமிய மண், விறகுச் சாம்பல், சாணக் கரைசல், பழைய குழியிலிருந்து எடுத்த கொஞ்சம் எரு எல்லாம் குழிக்குப் போகும். குழியின் அளவு 30 அடி நீளம், 14 அடி அகலம், ஆழம் 2 முதல் 3 அடி. ஆழம் அதைத் தாண்டினால் அடியில் காற்று போகாது. நிரப்புகிறவர்கள் குவியலை மிதிக்கக்கூடாது, மிதித்தால் இறுகிவிடும். மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்கும் என்பதால் மேட்டில் குவியலாகப் போட்டார்கள்.

அடுக்கிய சில நாளிலேயே குவியல் சுடத் தொடங்கும். வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டை எழுப்புவது நுண்ணுயிர்கள். வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் முதலில் சர்க்கரையையும் புரதத்தையும் தின்கின்றன. பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்டுகளும் நாரையும் மரச்சத்தையும் பிறகு மெல்ல உடைக்கின்றன. களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் சூட்டிலேயே மடியும். காற்று தீர்ந்தால் வேலை நின்று நாற்றம் கிளம்பும், ஆகவேதான் புரட்டுவது. அள்ளிய எருவில் நல்ல மண் வாசம் வர வேண்டும். துர்நாற்றம் அடித்தால் குழியில் ஏதோ பிசகு.

கரிமமும் தழைச்சத்தும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பது இங்கே தலையாய கணக்கு. தொடக்கத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 30 பங்கு கரிமம் இருந்தால் நுண்ணுயிர்கள் செழிக்கும். வைக்கோலிலும் பருத்திமாரிலும் கரிமம் மிகுதி. சாணம், கோமியம், பச்சைத்தழை ஆகியவற்றில் தழைச்சத்து கூடுதல். மட்காத வைக்கோலை நேரே மண்ணில் உழுதுவிட்டு உடனே நட்டால் பயிர் வெளுப்பதற்கும் இதுவே காரணம்: நுண்ணுயிர்கள் அதை உடைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன, பயிருக்கு மிச்சமில்லை. தழைச்சத்து மிஞ்சினாலோ அது அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

1930களில் கென்யாவின் காப்பித் தோட்டங்களுக்கும் இந்தியா, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இம்முறை பரவியது. 1940இல் ஹோவார்டு எழுதிய ‘அக்ரிகல்ச்சரல் டெஸ்டமென்ட்’ என்ற நூல் இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபரையும், அமெரிக்காவில் 1942இல் இயற்கை வேளாண் இதழைத் தொடங்கிய ஜே.ஐ. ரோடேலையும் எட்டியது. பால்ஃபர் முன்னின்று தொடங்கிய மண் சங்கம் 1946இல் உருவானது.

இந்த வரலாற்றில் கோயம்புத்தூருக்கும் இடமுண்டு. அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல், தொழுவுரம் இட்ட பாத்தியையும் ரசாயன உரம் இட்ட பாத்தியையும் எதுவும் இடாத பாத்தியையும் ஆண்டுக்கணக்காக ஒப்பிட்டது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு செய்த ராபர்ட் மெக்காரிசன், வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் சேர்ந்து 1926இல் வெளியிட்ட ஆய்வு, தொழுவுரத்தில் விளைந்த தானியத்தின் ஊட்டம் மேல் என்றது. ஹோவார்டு அதைப் பெரிதும் போற்றினார். உணவின் ஊட்டம் பற்றிய அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. மட்கு இட்ட மண்ணின் பொலபொலப்பும் ஈரம் பிடிக்கும் திறனும் கூடுவதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

வளமான மண்ணில் பயிர் நோயே அண்டாது என்று ஹோவார்டு சொன்ன அளவுக்குச் சான்று கிடையாது. எருவில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியே இருக்கும், ஆகவே டன் கணக்கில் தேவைப்படும். இந்தூர் முறைக்கு ஆள் வேலையும் அதிகம். பெங்களூரில் சி.என். ஆச்சாரியா 1939இல் வகுத்த முறையில் புரட்டுதல் கிடையாது. மண்ணால் மூடி மட்கவிடும் அதில் தழைச்சத்து இழப்பு குறைவு, ஆனால் மாதங்கள் கூடும். மராட்டியத்து உழவர் நாராயண் பண்டரிபாண்டே உருவாக்கிய ‘நாடெப்’ தொட்டியில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குவதால் காற்று தானே நுழைகிறது, புரட்ட வேண்டியதில்லை.

வெப்ப நாட்டில் மட்கு வேகமாகக் கரையும். ஒரு தடவை எரு போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தால் மண் பழைய நிலைக்கே திரும்பும். எனவே புத்துயிர் வேளாண்மை பேசுகிறவர்கள் எருவோடு வேறு சிலவற்றையும் வற்புறுத்துகிறார்கள்: உழவைக் குறைப்பது, மண்ணை வெயிலுக்குத் திறந்து போடாமல் கரும்புச் சோகையாலோ சருகாலோ மூடாக்கு இடுவது, பயிர் இல்லாத காலத்தில் சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது. தமிழகத்தில் கோ. நம்மாழ்வார் (1938–2013) பலதானிய விதைப்பையும் மூடாக்கையும் ஊர் ஊராகச் சொல்லிச் சென்றார். சென்னையில் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர் மண்புழுக்களைக் கொண்டு மட்கு செய்யும் வழியைப் பரப்பினார்.

மாடித்தோட்டத்துக்கு 30 அடிக் குழி வேண்டாம். துளையிட்ட பழைய டிரம்மில் ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு சருகு, மேலே கைப்பிடி மண், கொஞ்சம் புளித்த மோர் அல்லது சாணக் கரைசல் போதும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக்கூடாது. வாரம் ஒரு முறை கிளறுவது நல்லது. மீனும் எண்ணெய்ப் பண்டமும் போட்டால் எலியும் ஈயும் வரும். இரண்டு மூன்று மாதத்தில் கருமையான தூள் கிடைக்கும். அதைச் சலித்து, சலிப்பில் நின்ற குச்சிகளை அடுத்த டிரம்மில் போட்டுவிடலாம்.