ஆண்டுதோறும் மெய்ப்பிக்கப்படும் திருமணம்: தாய்லாந்தினரை மணக்கும் வெளிநாட்டவரும் குடிவரவு ஆவணங்களும்

தாய்லாந்துக் குடிமக்களுள் ஒருவரைச் சட்டப்படி மணந்துகொண்ட வெளிநாட்டவர், அந்தத் திருமணத்தின் பேரில் மட்டும் அந்நாட்டில் தங்கும் உரிமையைப் பெற்றுவிடுவதில்லை. திருமணத்தைப் பதிவது உள்துறை அமைச்சகத்தின் நிருவாகத்துக்கு உட்பட்ட 'ஆம்போ' எனப்படும் வட்ட அலுவலகத்தின் பணி. தங்க இசைவளிப்பது அரச தாய்லாந்துக் காவல்துறையின் ஓர் உறுப்பான குடிவரவுப் பணியகத்தின் பணி. முன்னது ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. பின்னது ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக விண்ணப்பித்துப் பெறப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே கேட்கப்படும் ஆவணங்கள் போலித் திருமணங்களைக் கண்டறிவதற்காகவே ஏற்பட்டவை என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அவ்விளக்கம் முழுமையானதன்று. வெளிநாட்டுக் கணவன் பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்க வேண்டியவன், வெளிநாட்டு மனைவியோ தாங்கப்படுபவள் என்ற முன்முடிவே இவ்விதிகளின் அடித்தளம் என்பதையும், 2025இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சமத்துவச் சட்டம் அந்த அடித்தளத்தை அசைக்காமல் விட்டுவிட்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தாய்லாந்தின் குடிமையியல், வணிகச் சட்டத் தொகுப்பின் 1457ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்டால் மட்டுமே திருமணம் உண்டாகிறது என வரையறுக்கிறது. துறவிகளை அழைத்து நடத்தும் பௌத்தச் சடங்கோ, மணிக்கட்டில் வெண்ணூல் கட்டும் ஊர் வழக்கமோ, மணமகளின் பெற்றோருக்கு அளிக்கப்படும் 'சின் சோட்' எனும் பரிசமோ தம்மளவில் திருமணத்தை உருவாக்குவதில்லை. வெளிநாட்டு ஆண்களை மணந்த பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் வடகிழக்கு மாகாணங்களில், ஊரறிய விழா நடத்தியும் பதிவு செய்யாமல் பல்லாண்டு வாழ்ந்த இணையர் உள்ளனர். ஊர் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்றாலும் குடிவரவு அதிகாரியின் முன் அவர்கள் இருவரும் தொடர்பற்ற தனியாட்களே.

பதிவு நடைமுறை ஒப்பளவில் எளியது. வெளிநாட்டவர் தமக்கு வேறு திருமணம் நிலுவையில் இல்லை, மணந்துகொள்ளச் சட்டத்தடை ஏதும் இல்லை என்று உறுதிகூறும் ஆவணத்தைப் பாங்காக்கில் உள்ள தம் நாட்டுத் தூதரகத்தின் வழியே பெறுகிறார். அது தாய்லாந்து மொழியில் பெயர்க்கப்பட்டு, சேங் வத்தனா சாலையில் அமைந்த வெளியுறவு அமைச்சகத் தூதரகப் பணித்துறையிடமோ அதன் கிளைகளிடமோ சான்றொப்பம் பெறுகிறது. அதன் பின்னர் எந்த வட்ட அலுவலகத்திலும் திருமணத்தைப் பதியலாம். பதிவின்போது இரண்டு ஆவணங்கள் பிறக்கின்றன: 'கோ.ரோ. 2' எனும் பதிவேட்டுப் படி ஒன்று, 'கோ.ரோ. 3' எனும் திருமணச் சான்றிதழ் மற்றொன்று. திருமணம் வெளிநாட்டில் நடந்திருந்தால் அதனை 'கோ.ரோ. 22' எனும் குடும்பநிலைப் பதிவாக வட்ட அலுவலகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். சொத்து குறித்து முன்னுடன்படிக்கை செய்துகொள்ள விரும்புவோர் அதனைத் திருமணப் பதிவின்போதே பதிவேட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். தவறினால் அது செல்லாது. சான்றிதழ் இருக்கிறதே என்று நிறைவடையும் புதுமணத் தம்பதியர், அழகிய ஓரக்கோலமிட்ட அந்தத் தாளைவிட எளிய தோற்றமுள்ள பதிவேட்டுப் படியையே குடிவரவு அலுவலகம் விரும்பிக் கேட்கிறது என்பதைப் பின்னரே அறிகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் அதன் அண்மைக்காலப் படியை வட்ட அலுவலகத்தில் புதிதாக எடுத்து வர வேண்டியிருப்பது, இடைப்பட்ட காலத்தில் மணமுறிவு நிகழவில்லை என்பதைக் காட்டுவதற்காகவே.

தங்கும் இசைவுக்கான வழி, குடியேற்றம் சாரா 'ஓ' வகை விசாவில் தொடங்குகிறது. அதன் வழியே பொதுவாகக் கிடைக்கும் 90 நாள் தங்கல் முடியும் முன்னர், குடிவரவுப் பணியகத்தில் 1,900 பாட் கட்டணம் செலுத்தி ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்குதான் ஆவணத் தொகுதி விரிகிறது. பதிவேட்டுப் படி, மனைவியின் அடையாள அட்டை, 'தபியன் பான்' எனும் வீட்டுப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றோடு, வீட்டுக்குச் செல்லும் வழியைக் காட்டும் கைவரைபடம், வீட்டு எண் தெரியும்படி இணையர் நிற்கும் படம், வீட்டினுள் இருவரும் ஒன்றாக உள்ள படங்கள் ஆகியனவும் கேட்கப்படுகின்றன. அண்டை வீட்டார் ஒருவரின் சாட்சியத்தையும் சில அலுவலகங்கள் வேண்டுகின்றன. விண்ணப்பம் உடனே ஏற்கப்படுவதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று கடவுச்சீட்டில் முத்திரையிட்டு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வரச் சொல்வதும், அதற்கிடையே அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் வழக்கம். இவை தவிர, 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி 90 நாளுக்கு ஒரு முறை இருப்பிடத்தைத் தெரிவிக்கும் கடமை வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை வீட்டுக்குரியவருக்கும் உண்டு. வீடு மனைவியின் பெயரில் இருப்பின், தன் கணவன் தன் வீட்டில் தங்குவதை அவரே காவல்துறைக்கு அறிவிக்க வேண்டியவராகிறார்.

படங்களும் வரைபடமும் இணைவாழ்வின் மெய்ம்மையைச் சோதிப்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீட்டிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது பணமே. 2014இல் பிறப்பிக்கப்பட்ட காவல்துறை ஆணை 327/2557, தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவன் மாதந்தோறும் சராசரியாக 40,000 பாட்டுக்குக் குறையாத வருவாயுடையவனாகவோ, தாய்லாந்து வங்கியில் 4,00,000 பாட்டுக்குக் குறையாத வைப்பை விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டு மாதங்கள் பேணியவனாகவோ இருக்க வேண்டும் என்கிறது. தாய்லாந்து ஆடவரை மணந்த வெளிநாட்டு மனைவிக்கு இந்த நிபந்தனை இல்லை. போலித் திருமணத்தைத் தடுப்பதே நோக்கமாக இருந்திருந்தால் பணவிதி இரு பாலாருக்கும் பொதுவாக அமைந்திருக்கும். போலித்தனம் ஒரு பாலாருக்கு மட்டும் உரியதன்று. ஆணை சோதிப்பது திருமணத்தின் மெய்ம்மையை அன்று, கணவனின் தாங்குதிறனை என்பதற்கு இந்த வேறுபாடே தக்க சான்று.

இந்த வாதத்துக்கு வலுவூட்டும் மற்றொரு செய்தி, ஓய்வுபெற்று வாழ வருவோருக்கான நீட்டிப்போடு ஒப்பிடும்போது வெளிப்படுகிறது. 50 வயது நிரம்பிய ஒருவர், திருமணமானவராயினும் ஆகாதவராயினும், 8,00,000 பாட் வைப்பையோ 65,000 பாட் மாத வருவாயையோ காட்டி ஓய்வுகால நீட்டிப்பைப் பெறலாம். அதற்குப் பொதுவாக வரைபடமும் சாட்சியும் படங்களும் வேண்டா, முடிவும் விரைவில் கிடைக்கிறது. எனவே தாய்லாந்துப் பெண்ணை மணந்து அவரோடு வாழும் மூத்த வயதினர் பலர், தம் திருமணத்தைக் குடிவரவு அலுவலகத்தில் காட்டாமலே ஓய்வுகாலப் பிரிவில் தங்குகின்றனர். இருமடங்கு பணத்தை வங்கியில் முடக்கினால் திருமணத்தை மெய்ப்பிக்கும் சுமையிலிருந்து விலகிவிடலாம் என்பதே இதன் பொருள். திருமணத்தின் மெய்ம்மையில் உண்மையான அக்கறை கொண்ட ஏற்பாடு இவ்வளவு எளிய மாற்றுவழியைத் திறந்து வைத்திருப்பது விந்தையே. திருமணப் பிரிவின் இரண்டு அளவுகளும் தமக்குள் ஒத்துப்போகவில்லை என்பதும் கருதத்தக்கது: மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4,80,000 ஆகிறது, வைப்பாக வைப்போருக்கோ 4,00,000 போதும்.

வருவாயைக் காட்டும் முறையும் ஒரு சிக்கலைச் சந்தித்தது. நெடுங்காலமாக வெளிநாட்டவர் தம் வருவாயைத் தாமே உறுதிகூற, தூதரகங்கள் அந்த உறுதிமொழிக்குச் சான்றளித்துவந்தன. அறிவிக்கப்பட்ட தொகையின் உண்மையையே தூதரகங்கள் சரிபார்க்க வேண்டும் என்று தாய்லாந்து அதிகாரிகள் எதிர்பார்த்தபோது, அது தம்மால் இயலாது என்று கூறி அமெரிக்க, பிரித்தானிய, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019 தொடக்கம் அச்சேவையை நிறுத்தின. அதன் பின்னர், வெளிநாட்டிலிருந்து தாய்லாந்து வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் பணம் வந்து சேர்ந்ததைக் காட்டும் வங்கிச் சான்றைக் குடிவரவுப் பணியகம் ஏற்றுக்கொண்டது. வருவாய் உடையவன் என்பது போய், அந்த வருவாயைத் தாய்லாந்துக்குள் கொண்டுவருபவன் என்பதே நடைமுறைத் தகுதியாயிற்று. இவ்விடத்தில் ஒரு முரண்பாடும் உண்டு. தாங்குதிறனை வேண்டும் அதே அரசு, வேலை செய்யும் உரிமையைத் திருமணத்தோடு சேர்த்து அளிப்பதில்லை. தனியே பணியுரிமம் பெற வேண்டும். உரிமம் பெறுவதில் மணமானவர்க்கு ஒரு சலுகை உள்ளது: வெளிநாட்டுப் பணியாளர் ஒருவருக்கு நிறுவனம் காட்ட வேண்டிய 20 லட்சம் பாட் மூலதனம், அவர் தாய்லாந்தினரை மணந்தவராயின் 10 லட்சமாகக் குறைகிறது.

குடியுரிமைச் சட்டத்திலும் இதே கோடு ஓடுகிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தாய்லாந்துக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண் குடியுரிமைக்கு நேரே விண்ணப்பிக்க வழிசெய்கிறது. வெளிநாட்டுக் கணவனுக்கு அவ்வழி இல்லை; அவர் பிற வெளிநாட்டவரைப் போலக் குடியுரிமையேற்பு வழியில்தான் செல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அவருக்கு ஐந்தாண்டு வாழ்விட நிபந்தனையிலிருந்தும் மொழியறிவு நிபந்தனையிலிருந்தும் விலக்களித்தது. நிலையான தொழில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையோ விட்டுவைத்தது. கைவிடப்பட்ட நிபந்தனைகள் எவை, காக்கப்பட்டது எது என்பதை நோக்கும்போது, கணவனைப் பொருளீட்டுவோனாகக் காணும் பார்வை காவல்துறை ஆணையோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவாகிறது.

நிலவுடைமையில் அந்தப் பார்வை ஐயமாக உருமாறுகிறது. நிலச் சட்டத் தொகுப்பு வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. திருமணக் காலத்தில் ஈட்டிய சொத்து இருவருக்கும் பொது என்பதால், வெளிநாட்டவரை மணந்த தாய்லாந்துப் பெண்களுக்கும் ஒரு காலத்தில் நிலம் வாங்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. 1999இல் உள்துறை அமைச்சகம் இதனைத் தளர்த்தி, வாங்கும் பணம் தாய்லாந்து இணையரின் தனிச்சொத்தே என்று இருவரும் எழுத்தில் உறுதிகூறினால் பதிவை அனுமதித்தது. குடிவரவு அலுவலகத்தில் குடும்பத்தைத் தாங்குபவன் என்று காட்ட வேண்டிய கணவன், நில அலுவலகத்தில் இந்த வீட்டு மனைக்குத் தான் ஒரு பாட் கூடத் தரவில்லை என்று கையொப்பமிட வேண்டியவனாகிறான்.

2024 செப்டம்பரில் அரசிதழில் வெளியாகி 2025 ஜனவரி 23இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சமத்துவத் திருத்தம், ஆணும் பெண்ணும் என்ற இடத்தில் இரு நபர்கள் என்றும், கணவன் மனைவி என்ற இடத்தில் இணையர் என்றும் சட்டத் தொகுப்பை மாற்றியது; ஒருபாலினத்தவர் திருமணம் அதனால் சட்டத் தகுதி பெற்றது. பிற சட்டங்களில் கணவன், மனைவி என வருமிடங்களை இணையர் என்றே கொள்ள வேண்டும் என்றும் அது விதித்தது. எனினும் கணவனுக்கும் மனைவிக்கும் வேறுவேறான உரிமைகளையும் கடமைகளையும் வகுக்கும் சட்டங்களை அப்பொது விதியிலிருந்து விலக்கி வைத்தது. குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இத்தகைய சட்டமே. பணநிபந்தனையைக் கணவனுக்கு மட்டும் விதிக்கும் ஆணையும் தன் இயல்பால் இந்த விலக்கின் நிழலிலேயே நிற்கிறது. தாய்லாந்து ஆடவரை மணந்த வெளிநாட்டு ஆண், 'தாய்லாந்துப் பெண்ணை மணந்த கணவன்' என்ற சொற்றொடருக்குள் அடங்குவதில்லை. வெளிநாட்டு மனைவியும் அல்லர். அவரிடம் பணம் கேட்கப்பட வேண்டுமா என்பதற்கு ஆணையின் வாசகத்தில் விடை இல்லை.

வெளிநாட்டவர் பொதுப்பணத்துக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற அரசின் கவலை நியாயமானதே. பல நாடுகள் குடும்ப விசாவுக்கு வருவாய் வரம்பு வகுத்துள்ளன. ஆனால் அவ்வரம்பு குடும்பத்தின் மொத்த வருவாயைக் கணக்கிட்டுப் பாலின வேறுபாடின்றி அமையலாம். தாய்லாந்து மனைவியின் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பது அதன் முதல் படியாகும். இதில் சட்டப் படிநிலை சீர்திருத்தத்துக்கு வாய்ப்பாகவே உள்ளது. குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் கூடி வாக்களிக்க வேண்டும். 327/2557 என்பதோ காவல்துறையின் நிருவாக ஆணை. அதனை மாற்ற மற்றோர் ஆணை போதும்.