அரக்கோணத்திலிருந்து போன விமானம்

1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையின் வழியாகவே இன்றும் அம்பத்தூர், ஆவடி வாசிகள் அரக்கோணத்துக்குப் போய் வருகிறார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளையும், 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையையும், விமானப்படையின் பழுதுபார்க்கும் பணிமனையையும் பின்னே விட்டு, திருநின்றவூர், திருவள்ளூர், திருவாலங்காடு என்று ஊர் ஊராக நின்று செல்லும் அந்த மின்சார ரயிலில், மடியில் சாப்பாட்டுப் பையும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறையுமாக அமர்ந்திருக்கும் பிட்டர்களையும் டர்னர்களையும் எந்நாளும் காணலாம். அரக்கோணத்தில் இருபத்தைந்து வருஷம் வாசம் செய்து, பின்பு வேறொரு மாநிலத்தின் கடற்கரையில் குடியேறிவிட்ட ஒரு விமானத்தின் சரித்திரம், அவர்களுடைய கைத்தொழிலின் சரித்திரமும் ஆகும்.

1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீதும் காக்கிநாடாவின்மீதும் குண்டு வீசிய செய்தி சென்னையை எட்டியபோது, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக் கிராமங்களை நாடி ஓடினார்கள். அந்த யுத்த காலத்தின் அச்சமும் அவசரமுமே நகரைச் சுற்றிப் பல ஓடுதளங்களைத் தோற்றுவித்தன. அவற்றுள் சோழவரத்து ஓடுதளம் பிற்காலத்தில் மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன இடமாயிற்று. அரக்கோணத்து ஓடுதளமோ நீண்ட காலம் காத்திருந்து, 1992 மார்ச் 11 அன்று ‘ராஜாளி’ என்னும் கம்பீரமான பெயரோடு கடற்படையின் விமானத் தளமாக உயிர்பெற்றது.

அதே வருஷம் கோவாவிலிருந்து இங்கே இடம்பெயர்ந்து வந்தவைதாம் டுபோலெவ் 142 விமானங்கள். சோவியத் யூனியனிடமிருந்து 1988-ல் வாங்கிய அவை மொத்தம் எட்டு. ஐம்பது மீட்டர் அகன்ற இறக்கை, அதனினும் சற்று நீண்ட உடல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன் கொண்ட நான்கு எஞ்சின்கள். ஜெட் விமானத்தைப் போலவே எரிந்து விரியும் வாயுவின் வேகத்தால் சுழலும் அந்த எஞ்சின்கள், முன்னும் பின்னுமாக எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டை விசிறிகளை இயக்கியதால் எழுந்த ஆழ்ந்த முழக்கம், ஒருமுறை கேட்டவருக்கு மறவாது. சமுத்திரத்தின் அடியில் மறைந்து திரியும் நீர்மூழ்கிகளைத் தேடுவதே அவற்றின் பிரதான வேலை. இருபத்தொன்பது வருஷம் விபத்தின்றிப் பறந்து, 2017 மார்ச் 29 அன்று அவை அரக்கோணத்திலேயே ஓய்வு பெற்றன.

ஓய்வு பெற்ற இயந்திரத்துக்குப் பொதுவாக வாய்ப்பது காயலான் கடைதான். ஆனால் அவற்றுள் ஒன்று, குண்டு விழுந்த அந்த நாளுக்குச் சரியாக எழுபத்தைந்து வருஷமும் இரண்டு நாளும் கழித்து, 2017 ஏப்ரல் 8 அன்று, அரக்கோணத்து ஓடுதளத்திலிருந்து கடைசி முறையாக எழும்பி, அதே விசாகப்பட்டினத்தில் போய் இறங்கியது. அங்கே பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, டிரெய்லர்களில் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவரப்பட்டு, மீண்டும் முழு உருவமாகப் பூட்டப்பட்டு, அருங்காட்சியகமாயிற்று.

‘பிரித்துப் பூட்டுவது’ என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறோம். பெரிய விமானம் ஒன்றைப் பிரிக்க முற்படுகிறவன் முதலில் தொட்டிகளிலும் குழாய்களிலும் தங்கிய எண்ணெயைச் சொட்டுவிடாமல் வடிக்க வேண்டும். உடலுக்கடியில் தாங்கு சட்டங்களையும் ஜாக்கிகளையும் உரிய இடமறிந்து கொடுக்காமல் எஞ்சினையோ இறக்கையையோ ஒரு பக்கம் மட்டும் கழற்றிவிட்டால், பாரம் நிலைதடுமாறி முழு உடலும் சாய்ந்துவிடும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த துளையின் எண்ணெழுதிய பையில் போட்டுக் கட்டி வைக்காவிட்டால், மறுபடி சேர்க்கும் நாளில் துளையோடு துளை பொருந்தாது. பொருந்தாத துளையில் போல்ட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றுகிறவன் பிட்டரே அல்லன் என்பதை அம்பத்தூர்ப் பட்டறையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். கிரேனில் தொங்கும் இறக்கை அங்குலம் அங்குலமாக இறங்கிவர, துளைக்குள் விரலை விடாமல் கண்ணாலேயே நேர்பார்த்து, ‘இன்னும் கொஞ்சம், நிறுத்து’ என்று குரல் கொடுக்கும் அந்தக் கணமே இத்தொழிலின் உச்சம் என்று நான் கருதுகிறேன்.

பூட்டியதோடு பராமரிப்பு முடிந்துவிடுவதில்லை. அலுமினியத் தகடும் எஃகு போல்ட்டும் தொட்டு நிற்கும் இடங்களில் உப்புக்காற்றின் ஈரம் புகுந்தால், தகடு வெண்பொடியாக உதிரத் தொடங்கும். காற்றுவாய்களை அடைக்காவிட்டால் பறவைகள் கூடு கட்டும். வருஷக்கணக்கில் நகராத டயர் பாரத்தால் தட்டையாகிப் பிளக்கும். இத்தனையும் கருதியே அதைப் பேண வேண்டியிருக்கிறது.

2017 டிசம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அந்த அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். எதிரே குர்சுரா என்னும் நீர்மூழ்கி, 2002 முதல் கரையேறி நிற்கிறது. தேடியதும் தேடப்படும் இனமும் எதிரெதிரே நிற்பது எத்தகைய பொருத்தம்!

விசாகப்பட்டினம் போகும் நம்மூர் அன்பர்கள், விமானத்துக்குள் நடந்து பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். வெளியே வந்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, அந்தப் பொருத்தை அண்ணாந்து பாருங்கள்.