கூடாரத்து ஐயர்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். அந்த அரை மணிக்குள் எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலிபர். அங்கி இல்லாமல் சாதாரணச் சட்டை போட்டிருந்ததால், கிறிஸ்தவப் போதகர் என்று அவராகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு கிழவிக்கு ஜபம் செய்துவிட்டுத் திரும்புகிறாராம். மறுநாள் ஒரு கல்யாணம். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஊர்களில் ஆராதனை. நடுவில் யாராவது இறந்துபோனால் அடக்கம் வேறு.

"இவ்வளவு அலைச்சலில் உங்களுக்குச் சந்தோஷம் என்று ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி அதிகப்பிரசங்கித்தனம் வந்துவிடுகிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தப் பாட்டிக்கு மூச்சு விடவே முடியவில்லை, சார். என்னைப் பார்த்ததும், 'ஐயா, சாப்பிட்டீங்களா?' என்று கேட்டாள். அது போதாதா?" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "இதே வழியில் குதிரையில் போனவர்களுக்கு அதுகூடக் கிடைத்திராது. ராக்லண்ட் ஐயரைப் பற்றிப் படித்திருக்கிறீர்களா?" என்றார்.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள். போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என்றால் நமக்குத் தெரியும். அவர்கள் புத்தகங்களை விட்டுப் போனார்கள். ராக்லண்ட் ஐயர் விட்டுப் போனது என்ன என்று பார்த்தால், கணக்கில் எழுதும்படியாக அதிகம் இல்லை. ஆனால் அவர் கணக்கில் புலி!

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தார். பேச்சு வருவதற்கு முன்பே தாயும் தகப்பனும் இல்லாமல் போனார்கள். இங்கிலாந்தில் உறவினர் வளர்த்தார்கள். பதினைந்து வயதில் லிவர்ப்பூலில் ஒரு வியாபார ஆபீசில் பேரேடு எழுத உட்கார்ந்தவர், சில வருஷம் கழித்துக் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். 1841-ல் அங்கே கணிதப் பரீட்சையில் நாலாவதாகத் தேறினார். அந்த வருஷம் முதலாவதாக வந்தவர் ஸ்டோக்ஸ். திரவங்களுக்குள் விழும் குண்டின் வேகத்தைப் பற்றிய ஸ்டோக்ஸ் விதியைக் கல்லூரிப் பையன்கள் இன்றும் உருப்போடுகிறார்கள். நானும் உருப்போட்டு மறந்தவன்தான். ஸ்டோக்ஸுக்கு மூன்று படி கீழே நின்றவர் நினைத்திருந்தால் ஆயுள் முழுவதும் கேம்பிரிட்ஜில் சுகமாகக் காலம் தள்ளியிருக்கலாம். 1846-ல் சென்னைக்கு வந்து சி. எம். எஸ். மிஷனின் காரியதரிசியாக உட்கார்ந்தார். நுரையீரலில் நோய். சீமைக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் திரும்பி வந்தார்.

அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. தெற்குத் திருநெல்வேலியில் பனங்காட்டு ஊர்களெல்லாம் சபைகளாகியிருந்தன. அங்கே இருந்த பாதிரிமார்களுக்குப் பள்ளிக்கூடம், கோவில் கட்டடம், சபைத் தகராறு என்று ஓயாத வேலை. பெரிய பண்ணையின் காரியஸ்தர் மாதிரி ஆகிவிட்டார்கள். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்குப் போக அவர்களுக்கு அவகாசமே இல்லை. அதனால் பங்களாவோ சொந்தச் சபையோ இல்லாமல், கூடாரத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் சிலர் வேண்டும் என்றார் ராக்லண்ட். சொன்னதோடு நிற்காமல், 1854-ல் தாமே புறப்பட்டார். கூட வந்தவர்கள் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு பேர்; இருவரும் கேம்பிரிட்ஜ் வாலிபர்கள். தலைவருக்கு வயது முப்பத்தொன்பது.

ஒரு தோப்பைப் பார்த்துக் கூடாரம் அடிப்பார்கள். விடியுமுன் எழுந்து ஆளுக்கு ஒரு திக்காகக் குதிரையில் போவார்கள். சாவடியிலோ ஆலமரத்தடியிலோ நாலு பேர் கூடினால் பேசுவார்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிக் குளியல், சாப்பாடு. பகல் முழுவதும் கூடாரத்துக்குள் தமிழ்ப் படிப்பு, ஜபம். சாயங்காலம் மறுபடியும் பயணம். சுற்றுப்பட்டு ஊர்கள் முடிந்ததும் கூடாரத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றி அடுத்த தோப்புக்குப் போவார்கள். கரிசல் காட்டில் பங்குனி, சித்திரையில் துணிக் கூடாரத்துக்குள் மத்தியான்னத்தைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நுரையீரல் நோயாளி ஒருவர் அதை நாலு வருஷம் செய்தார்.

ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-ல். பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமானது 1801-ல். அதைக் கண்ணால் பார்த்த கிழவர்கள் 1854-ல் உயிரோடு இருந்திருப்பார்கள். தோப்பில் வெள்ளைக்காரன் கூடாரம் அடித்தால் அவர்களுக்கு ஜமாபந்திதான் ஞாபகம் வரும். வரியும் கேட்காமல், மனுவும் வாங்காமல், சும்மா பேசிவிட்டுப் போகிற துரையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்கள் திகைத்திருக்க வேண்டும். அந்தத் திகைப்பு நியாயமானதுதான். கம்பெனி ராஜ்யத்தின் நிழல் இல்லாமல் எந்தப் பாதிரியும் இங்கே நடமாடவில்லை. கூடாரம் மட்டும் போட்டால் அந்த நிழல் போய்விடாது. ராக்லண்டைப் புகழ்கிறவர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. வடக்கே சிப்பாய்கள் எழுந்த 1857-லும் கூடாரம் தோப்புக்குத் தோப்பு நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

கேட்டவர்கள் அநேகர், கிறிஸ்தவர்களானவர்கள் மிகச் சொற்பம். அப்படியானால் அவர்களுக்கு எதில் சந்தோஷம்? எனக்குப் படுவது ஒன்றுண்டு. தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து மாதாமாதம் இந்தக் கூடாரத்துக்கு அனுப்பின. செலவையும் அந்தச் சபைகளே ஏற்றுக்கொண்டன. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பனையேறிப் பிழைக்கிற ஏழைகள். அவர்கள் பணத்தில் வந்த உபதேசியாரும் கேம்பிரிட்ஜ் கணிதக்காரரும் ஒரே புளியமரத்தடியில் தங்கி, ஒரே ஊருக்குச் சேர்ந்து போனார்கள். லிவர்ப்பூல் பேரேட்டில் இந்த மாதிரி வரவு எங்கே வந்திருக்கும்?

அந்தக் கூடாரத்தில் எனக்கு அதிகமாகப் பிடித்த ஆள் ராக்லண்ட் அல்ல, சத்தியநாதன். 1830-ல் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் நாயுடு குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் திருவேங்கடம். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் குரூக்ஷாங்க்ஸ் என்ற கண்பார்வையற்ற தலைமையாசிரியரிடம் படித்தார். 1847-ல் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு மணந்துகொண்டது அன்னாளை. தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையில் முதன் முதலாகக் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஜான் தேவசகாயத்தின் மகள். இருபத்தைந்து வயதுச் சுமாரில் இந்த வாலிபர் வடதிருநெல்வேலிக்கு ஊழியத்துக்கு வந்தார்.

திருவேங்கடம் என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளை, ஆண்டாள் கோபுரம் தெரிகிற வயல்வெளியில், வேறொரு நாமத்தைச் சொல்லிக்கொண்டு நடக்கிறான்! கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பெரியாழ்வார் பூந்தோட்டம் போட்ட ஊர் அது. ஆடிப்பூரத் தேருக்குச் சிந்துபூந்துறையிலிருந்து உறவினர் யாராவது வந்திருந்து, கூட்டத்தில் எதிரே பட்டிருந்தால்? 'திருவேங்கடம்' என்று கூப்பிட்டிருப்பார்களா, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்களா? ராக்லண்ட் துறந்தது கேம்பிரிட்ஜ் சுகத்தை. அதற்குச் சீமையில் அவரைக் கொண்டாடினார்கள். இந்தப் பையன் துறந்தது தான் பிறந்த வீட்டை. அதற்கு யார் கொண்டாடுவார்கள்? பிற்காலத்தில் குருப்பட்டம் பெற்று, சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் பல வருஷம் போதகராக இருந்தார். இங்கிலீஷில் 'கமலா', 'சகுணா' என்று நாவல்கள் எழுதிய கிருபாபாய் அவருடைய மருமகள்.

ராக்லண்ட் 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் காலமானார். நுரையீரலில் ரத்தக்குழாய் உடைந்து சில நிமிஷங்களில் உயிர் போய்விட்டது. வயது நாற்பத்து மூன்று. பிரம்மசாரி. அந்தப் பக்கத்தில் சபைகள் வளர்ந்ததெல்லாம் அவருக்குப் பிறகு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அவருடைய சரித்திரத்தைப் புஸ்தகமாக எழுதினார். பஸ் சிநேகிதர் படித்தது அதைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. கோபுரம் தலைக்கு மேலே நின்றது. இருவரும் இறங்கினோம். போதகர் விடைபெற்றுக்கொண்டு நாலடி நடந்தவர், பால்கோவாக் கடை வாசலில் நின்று என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சந்தோஷம் என்ன என்று கேட்டீர்களே, இதைச் சொல்ல மறந்துவிட்டேன். என் பையனுக்கு இன்றைக்கு ஒரு வயது நிறைகிறது" என்றார். வீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, கால் கிலோ போதுமா, அரை கிலோவாக வாங்கிவிடலாமா என்று என்னையே யோசனை கேட்டார்.